ஜீரோவை நம்பாத அம்மணி

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை செருப்படி வாங்கியிருக்கிறேன். அடித்தவர் எங்கள் கம்பெனியில் டெஸ்டிங் பார்த்த அம்மணி. அடித்த இடம் பவானிப் பக்கம் ஒரு சின்ன டயாலிசிஸ் நிலையத்தின் வராந்தா. அதன் தழும்பு இன்னும் என் வலது மணிக்கட்டில் இருக்கிறது. வீட்டில் கேட்டால் "கரண்டு அடிச்சுப்போச்சு" என்று சொல்லிவைத்திருக்கிறேன். அது பொய். அங்கே இருந்தது வெறும் இரண்டு வோல்ட். டார்ச் லைட்டுக்குள் இருக்கிற அளவு. இரண்டு வோல்ட் யாரையும் அடிக்காது.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவரைக் கேட்காமல் அவர் பெயரை ஏற்கெனவே எழுதியவன் நான். அது போதும்.

அவரிடம் "ஒண்ணுமில்லை" என்று சொல்லி யாரும் தப்பித்துவிட முடியாது. தலையைக் கொஞ்சம் சாய்த்து, மரியாதையாகத்தான் கேட்பார்: "ஒண்ணுமே இல்லீங்களா, இல்ல மீட்டர்ல தெரியலீங்களா?" மீட்டர் முன்னால் உட்கார்ந்து கேட்டால் சரி, மனுசர்களையும் அப்படியே கேட்டால் என்ன செய்வது? ஒரு நாள் கம்பி சுற்றுகிற பெண் ஒருத்தி காலையிலிருந்து முகத்தைச் சுளித்துக்கொண்டே வேலை செய்தாள். "என்ன கண்ணு?" "ஒண்ணுமில்லீங்கக்கா." உடனே அந்தக் கேள்வி. அஞ்சு நிமிசத்தில் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்தது என்று பிறகு தெரிந்தது. நான் அன்றைக்கு என்ன செய்தேன் என்றால், வேலை நின்றுபோச்சு என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சிங்காநல்லூரில், குளத்துக்குப் போகிற வழியில் எங்கள் ஒர்க்‌ஷாப். ஆஸ்பத்திரிகளுக்கும் மில்களுக்கும் பெரிய ஸ்டெபிலைசர் செய்து கொடுக்கிறோம். அதன் உயிர் உள்ளே இருக்கிற வளைய டிரான்ஸ்ஃபார்மர். வட்டமாக, நடுவில் ஓட்டையோடு இருப்பதால் எங்கள் ஆட்களுக்கு அது வடை. "அஞ்சு வடை முடிஞ்சுதுங்க, ஏழு வடை பாக்கிங்க" என்று அவர்கள் பேசுவதைக் கேட்டு, வாசலில் ஒருவர் சாப்பிட வந்து நின்றதும் உண்டு. வடை ஒவ்வொன்றும் நாற்பது, ஐம்பது கிலோ. நடு ஓட்டை வழியாக நீளமான ஒரு போல்ட்டைவிட்டு இரும்புப் பெட்டியின் அடியில் முறுக்கிவிடுவோம்.

அம்மணி காரமடைப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். எம்.எஸ்ஸி. பிசிக்ஸ். அப்பாவும் அம்மாவும் தோட்டத்து வேலைக்குப் போனவர்கள். தோட்டம் வைத்திருந்தவர்கள் எங்கள் ஆட்கள். எங்கள் தாத்தா காலத்தில் அவர்கள் வீட்டு ஆட்கள் எங்கள் களத்துமேட்டில் செருப்போடு நடந்ததில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

காலையில் வந்ததும் வாட்சைக் கழற்றி டிபன் பாக்ஸ் மூடிமேல் வைப்பார். வளையல், மோதிரம் எதுவும் கையில் இருக்காது. காலில் தடித்த ரப்பர் செருப்பு. மழையோ வெயிலோ அதே செருப்பு. டெஸ்டிங் மேசையில் லட்ச ரூபாய் சாமான்கள் இருந்தாலும் அவருடைய சொந்தச் சாமான் ஒன்று கைப்பையில் இருக்கும். இரண்டு முழம் செப்புக் கம்பி, நடுவில் பற்றவைத்த ஒரு டார்ச் பல்பு. அவ்வளவுதான்.

பெங்களூரிலிருந்து காந்தம் அளக்கிற மீட்டர் ஒன்று வாங்கிவந்து நான் பெருமையாக அவர் மேசையில் வைத்தேன். ஓடிக்கொண்டிருக்கிற வடையின் ஓட்டைக்குள் அதன் மூக்கை நீட்டினார். ஜீரோ. வெளியே நீட்டினார். ஜீரோதான். "பாத்தீங்களா, காந்தம் துளி வெளிய வரல. நம்ம வேலை சுத்தம்" என்றேன்.

"சுத்தந்தானுங்க சார். காந்தமெல்லாம் வடை மாவுக்குள்ளயே சுத்துது. ஓட்டைல இல்ல, வெளிய இல்ல" என்றவர், தன்னுடைய கம்பியை எடுத்து ஓட்டைக்குள் விட்டு, வெளிப்பக்கமாக வளைத்து இரண்டு முனைகளையும் சேர்த்தார். பல்பு எரிந்தது. பேட்டரி இல்லை, பிளக் இல்லை, கம்பி வடையைத் தொடக்கூட இல்லை. மீட்டர் மூக்கைக் கம்பியை ஒட்டிப் பிடித்துக் காட்டினார். ஜீரோ.

"காந்தமே இல்லாத எடத்துல கம்பி கெடக்குது. அப்ப உள்ள இருக்கற எலெக்ட்ரானைத் தள்ளுனது யாருங்க?"

"யாரு?"

"அதுதானுங்க ஏ."

வெக்டர் பொட்டென்ஷியல் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறதாம். ஏ என்கிற ஆங்கில எழுத்தால் குறிப்பார்களாம். கல்லூரியில் அதைக் கணக்குப் போடுகிற வசதிக்காக வைத்துக்கொண்ட ஒன்று என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள், இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "வசதிக்கு வச்ச ஒண்ணு பல்பு எரிக்குமுங்களா?" என்பார். ஃபிட்டர் தங்கராசு அண்ணன் அவருக்கு 'ஏ டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார். அந்த விலையுயர்ந்த மீட்டரை அம்மணி துடைத்து உறைபோட்டு அலமாரியில் வைத்தார். "நல்ல மீட்டர்தானுங்க. ஆனா அது தேடறது வேற, நாம பயப்பட வேண்டியது வேறங்க" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. என் காசு, என் மீட்டர், அதற்கு ஒரு உறை!

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் அனுப்பிய இரண்டு பெட்டிகளில் லாரி குலுக்கலில் வடை ஆட்டம் கண்டு வந்திருந்தது. தங்கராசு அண்ணன் ஒரு யோசனை செய்தார். போல்ட்டின் தலையிலிருந்து பெட்டியின் பக்கச் சுவருக்கு ஓர் இரும்புப் பட்டையைப் போட்டு முறுக்கிவிட்டால் அசையாது. அருமையான யோசனை. நான் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். அன்றைக்குப் போக வேண்டிய பதினொரு பெட்டிகளுக்கும் பட்டை போட்டாயிற்று. காலை ஒன்பதரைக்கு லாரி வந்து நிற்கிறது. பத்தரைக்கு ராகு காலம். புது மாடல் பெட்டிகள் முதன்முதலாக வாசல் தாண்டுகின்றன, ராகு காலத்தில் தாண்ட விடுவேனா? எலுமிச்சம்பழம் டயருக்கு அடியில் தயாராக இருக்கிறது. டெஸ்ட் கார்டு பதினொன்றில் அம்மணி கையெழுத்து மட்டும் பாக்கி.

அவர் போடவில்லை.

"பட்டை ஒரு சுத்தை முடிச்சுப்போட்டுதுங்க சார். போல்ட்டு ஓட்டைக்குள்ள போகுது, தலைல பட்டை, பட்டைலிருந்து சுவரு, சுவத்துலிருந்து அடித்தகடு, மறுபடி போல்ட்டு. என்ற கம்பி மாதிரியே ஒரு வளையம். பல்பு மட்டுந்தானுங்க இல்ல."

"மீட்டர் வச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க. ஒண்ணும் ஓடல. சுவத்துல பெயிண்டு இருக்குதல்லங்க, அது இப்பத்திக்கு மறிச்சுக்கிட்டு நிக்குது. குலுங்கிக் குலுங்கிப் பெயிண்டு தேஞ்சா அன்னிக்கு ஓட ஆரம்பிச்சுரும். நூத்துக்கணக்குல ஆம்ப்பியர் ஓடும். பிரேக்கரும் விழாதுங்க. கூட ஒரு இஸ்திரிப் பெட்டி மாட்டின கணக்குத்தான் அதுக்குத் தெரியும்."

தங்கராசு அண்ணன் சிரித்தார். "ரெண்டு வோல்ட்டுக்குப் போயி இந்த ஆர்ப்பாட்டமுங்களா அம்மணி? நாக்குல வச்சாக்கூட எறும்பு கடிச்ச மாதிரிதான இருக்கும்?"

"நாக்கு ஆம்ப்பியரை விடாதுங்கண்ணா. இரும்பு விடும். பட்டைக்கு அடியில கரண்டை விடாத ஃபைபர் வாஷர் போட்டுத் தாங்க, போல்ட்டுக்கு ஒரு குழாய் மாட்டித் தாங்க. மத்தியானத்துக்குள்ள முடிச்சுரலாம். கையெழுத்துப் போட்டுத் தர்றேனுங்க."

மணி பத்தேகால். டிரைவர் ஹாரன் அடிக்கிறான். எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. "மீட்டர் ஜீரோ காட்டுது, நீங்க ஜோசியம் சொல்றீங்க" என்று கத்திவிட்டு, கார்டுகளை அள்ளிக்கொண்டு என் ரூமுக்குள் போனேன். அவர் கையெழுத்து எனக்கு அத்துப்படி. ஆங்கிலத்தில், கடைசி எழுத்தின் வாலைச் சுழித்து அடியில் ஒரு கோடு. பதினொரு தடவை போட்டேன். நாலாவது கார்டிலேயே கை பழகிவிட்டது. லாரி பத்து இருபத்தைந்துக்குக் கிளம்பியது. எலுமிச்சம்பழம் நன்றாகத்தான் நசுங்கியது.

வாஷர் போட்டுத்தான் அனுப்பினோம் என்று அவரிடம் சொல்லவும் இல்லை, போடாமல் அனுப்பினோம் என்று சொல்லவும் இல்லை. அவரும் கேட்கவில்லை. கையெழுத்து இல்லாத பெட்டியை யாரும் ஓட்டமாட்டார்கள், அங்கேயே போய் வாஷர் போடுவோம் என்று நம்பியிருக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து, வேறு எதற்கோ ஃபைலைப் புரட்டியபோது கார்டுகளின் நகல் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. நான் என் ரூம் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றாகப் பதினொன்றையும் பார்த்தார். ஃபைலை மூடினார். இதோ வந்து கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன்.

வரவில்லை. விலாசப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடத்துக்கும் போன் போட ஆரம்பித்தார். "பெட்டிக் கதவைத் தெறந்து, மேல தெரியற பட்டை மேல பொறங்கையை வச்சுப் பாருங்க. உள்ளங்கை வேண்டாமுங்க. மோதிரம், வளையல் கழட்டிப்போட்டு வைங்க." பத்து இடத்தில் சில்லென்று இருக்கிறது என்றார்கள். பதினோராவது பவானி. நர்ஸ் ஒருத்தி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "சுடுதுங்கக்கா. மூணு எண்ற வரைக்குந்தான் வைக்க முடியுது."

என் ரூமுக்கு வந்து நின்றார். "பவானியில பட்டை சுடுதாமுங்க. நாலு பேர் மெஷின்ல இருக்காங்களாம். வண்டி எடுங்க." ஆறு வருசத்தில் அவர் எனக்கு இட்ட ஒரே உத்தரவு அதுதான். எடுத்தேன்.

அவினாசி தாண்டுகிற வரைக்கும் அவர் போன் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. காலையில் எட்டரைக்கு ஏற்றிய நாலு பேருக்கும் பன்னிரண்டரை வரை ஓட வேண்டும். உடனே நிறுத்தினால் உடம்பிலிருந்து வெளியே வந்த ரத்தம் குழாயிலேயே நின்றுவிடும். ஒவ்வொருத்தருக்கும் ரத்தத்தை உள்ளே திருப்பி ஏற்றி இறக்கக் கால் மணி நேரம் ஆகும். ஸ்டெபிலைசரை விலக்கி நேரடி கரண்டுக்கு மாற்றுகிற கைப்பிடியோ அதே பெட்டிக்குள், பட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டாக்டர் ஈரோட்டில் இருந்தார். "டிரான்ஸ்ஃபார்மர்னா சூடாகத்தான் செய்யும், மீட்டரெல்லாம் கரெக்டா காட்டுதே" என்று போனில் சொல்லிவிட்டார். அவர் சொல்லாமல் இறக்கமாட்டேன் என்று நர்ஸ் அழுகிற குரலில் சொன்னாள்.

"இறக்குங்க கண்ணு. ஒவ்வொருத்தரா இறக்குங்க. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார் அம்மணி.

பத்து நிமிசம் கழித்து மறுபடி போன். "ஒண்ணு கூட எண்ண முடியலீங்கக்கா."

ஆக்சிலேட்டரை மிதித்தேன். அப்போதும் என் வாய் சும்மா இருக்கிறதா? "பெயிண்டு தேஞ்சிருந்தா தேஞ்சிருக்கட்டுமுங்க. காந்தமே இல்லாத எடத்துல ஒரு பட்டை எப்படிங்க சூடாகும்?" என்றேன். ஏதோ அவரைத் தோற்கடித்துவிட்டால் பட்டை ஆறிவிடும் என்பதுபோல.

செங்கப்பள்ளியில் ஒரு டெம்போ குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினேன். முன்னால் வைத்திருந்த அவர் கைப்பை பாய்ந்து போய்க் கண்ணாடியில் மோதி விழுந்தது.

அவர் குனிந்து எடுத்துக்கொண்டார். "இந்தப் பை இத்தனை நேரம் சும்மாதானுங்க இருந்துச்சு. தொட்டுப் பாத்தா அசையாமத்தான் இருந்துச்சு. ஆனா நம்ம வண்டியோட வேகம் அது மேலயும் இருந்துச்சல்லங்க. நீங்க பிரேக் போட்டாத்தான் எவ்வளவு இருந்துச்சுன்னு தெரியுது. ஏ அப்புடித்தானுங்க. வடையைச் சுத்தி இருக்கற எடத்துல ஒவ்வொரு எலெக்ட்ரானுக்கும் ஒரு உந்தத்தை ஒதுக்கி வச்சிருக்குது. ஒரே சீரா இருந்தா தெரியாது. மாறுனா, மாறுன அளவுக்குத் தள்ளும். நம்ம கரண்டு நொடிக்கு நூறு தடவை தெசை மாறுது. நூறு தடவை பிரேக் போட்டு நூறு தடவை கெளப்பற மாதிரி. வழி அடைச்சிருந்தா எலெக்ட்ரான் முட்டிக்கிட்டு நிக்கும். வளையம் முடிஞ்சிருந்தா ஓடும். அவ்வளவுதானுங்க. ரோட்டைப் பாருங்க சார்."

எனக்கு அந்த நிமிசத்தில்தான் விளங்கியது. ஆறு வருசமாகப் பல்பைக் காட்டியும் ஏறாதது ஒரு பை விழுந்ததில் ஏறியது. விளங்கியதும் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. கூடவே இன்னொன்றும் விளங்கியது. கையெழுத்தைப் பற்றி இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

பெருந்துறை தாண்டும்போது மூன்றாவது போன். "பெயிண்டு கொப்புளிச்சிருக்குதுங்கக்கா. வாசம் வருது. ரெண்டு பேரை இறக்கிட்டேன்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வராந்தா முழுக்கக் கருகிய வாடை. பெட்டிக் கதவு திறந்திருந்தது. பட்டை சுவரைத் தொடுகிற இடத்தில் பெயிண்ட் கருத்துச் சுருண்டு, மெல்லிய புகை ஒரே இழையாக மேலே போனது. கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே இன்னும் இரண்டு பேர் மெஷினில். ஒரு பெரியவர். இன்னொருத்தி நாற்பது வயசுக்காரி, பவானியில் ஜமக்காளத் தறி போடுகிறவளாம். கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நர்ஸ் பெரியவரை இறக்கிக்கொண்டிருந்தாள்.

அம்மணி மணல் வாளியை இழுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டார். "ரெண்டு பேரும் இறங்கட்டுமுங்க. அது வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"நெருப்புப் புடிச்சா?"

"புடிச்சா மணல் இருக்குதுங்க. தொட்டாத்தான் வம்பு."

நின்றேன். ஒரு நிமிசம். இரண்டு நிமிசம். புகை கொஞ்சம் தடித்தது. உள்ளேயிருந்து நர்ஸ், "தாத்தாவுக்கு பிபி எறங்குது, இன்னுங் கொஞ்ச நேரம் ஆகும்" என்று கத்தினாள். அவ்வளவுதான், என் பொறுமை போயிற்று. காரிலிருந்து எடுத்துவந்த ஸ்பேனர் கையில் இருந்தது. பட்டையின் நட்டைக் கழற்றிவிட்டால் வளையம் அறுந்துவிடும், இதில் என்ன பெரிய சூத்திரம்? "ரெண்டு வோல்ட்டுக்கு எத்தனை நேரமுங்க பயந்துக்கிட்டு நிக்கறது!" என்று கையை உள்ளே விட்டேன்.

பழனியில் வாங்கிய செப்புக் காப்பு ஒன்று என் மணிக்கட்டில் எப்போதும் இருக்கும். அது எனக்கு நினைவில்லை. காப்பின் ஒரு பக்கம் போல்ட்டின் தலையில் பட்டது, மறுபக்கம் பெட்டியின் கூர்மையான விளிம்பில் பட்டது. கரண்டு அடிக்கவில்லை, சத்தியமாக ஒன்றும் உறைக்கவில்லை. பட்டென்று பொறி தெறித்தது. கையை இழுத்தேன், வரவில்லை. காப்பு உருகி இரும்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு நொடி கழித்துத்தான் சூடு தெரிந்தது. அய்யோ, அந்தச் சூடு!

"கையை வுடுங்க! கையை வுடுங்க!" என்று ஒரு குரல். அந்த அம்மணிக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அடுத்தது ஓங்கி ஓர் அடி, என் கையில். இன்னொன்று. மூன்றாவது அடியில் காப்பு பிய்ந்துகொண்டு வந்தது. நான் பின்னால் போய்ச் சுவரில் விழுந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் ஒற்றைக் காலில் ரப்பர் செருப்போடும் கையில் இன்னொரு செருப்போடும் நின்றுகொண்டிருந்தார். செருப்பால் அடிக்கும்போதும் 'ங்க' போட்டுத்தான் கத்தியிருக்கிறார்.

அதற்குப் பிறகு எனக்கும் பெட்டிக்கும் நடுவில், செருப்பைக் கீழே போடாமல் இருபது நிமிசம் நின்றார். பெரியவர் இறங்கினார். தறிக்காரி இறங்கினாள். நர்ஸ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியதும்தான் அம்மணி மெயினை அணைத்தார். மீட்டர் ஜீரோ காட்டியது. நம்பவில்லை. கைப்பையிலிருந்து பல்புக் கம்பியை எடுத்து ஓட்டைக்குள் விட்டு முனைகளைச் சேர்த்துப் பார்த்தார். எரியவில்லை. "இப்ப இல்லீங்க" என்றார். பட்டையைக் கழற்றினோம். அடியில் பத்து ரூபாய்க் காசு அகலத்துக்குப் பெயிண்ட் தேய்ந்து இரும்பு பளபளவென்று இருந்தது. அரை மணி நேரத்தில் நேரடி கரண்டுக்கு மாற்றிக்கொடுத்துவிட்டோம். நாலு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அப்போதுதான் டாக்டர் வந்தார். வந்தவர் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த டெஸ்ட் கார்டைப் பிய்த்துக் கையில் எடுத்தார். "டெஸ்ட் பண்ணி ஓகேன்னு கையெழுத்துப் போட்டது யாரு? இந்தப் பேரு யாரு?"

நர்ஸ் என் மணிக்கட்டில் மருந்து தடவிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அம்மணி கார்டை வாங்கிப் பார்த்தார். அந்தச் சுழித்த வாலையும் அடியில் இருந்த கோட்டையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த நாள் முழுக்க அவர் என்னை நேராகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"என்ற பேருதானுங்க" என்றார்.

பேர்தான் அவருடையது. போட்டேன் என்று அவர் சொல்லவில்லை. டாக்டருக்கு அது எங்கே புரியப்போகிறது? "படிச்சவங்கதானேம்மா நீங்க? நாலு உசுரு உள்ள இருக்குது. கண்ணை மூடிக்கிட்டு ஓகே போட்டு அனுப்புவீங்களா? உங்களை மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் யாரு வேலை குடுக்கறாங்க?" என்று தொடங்கி, நோயாளிகளின் உறவுக்காரர்கள், ஆயா, வாட்ச்மேன் அத்தனை பேர் முன்னாலும் பேசினார். அவர் வேலையே பார்க்காமல் சம்பளம் வாங்குகிறவர் என்கிற வரைக்கும் பேச்சு போனது. அம்மணி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "இனி நடக்காதுங்க" என்றார். நான் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வலியில் இருக்கிற மனுசன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வலி உண்மைதான். ஆனால் அதற்காக நான் பேசாமல் இல்லை. பேசினால் கம்பெனி பெயர் போய்விடும், என் பெயர் போய்விடும். அவர் பெயர் போனால் ஒரு பெயர்தானே என்று அந்த நேரத்தில் மனசு கணக்குப் போட்டது. என்னைச் செருப்பால் அடித்தது போதாது.

திரும்பி வரும்போது அவர்தான் முதலில் பேசினார். "சார், செருப்புல அடிச்சுப்போட்டேன். மன்னிச்சுக்கோங்க. ரப்பரு அதுதானுங்க கைக்குக் கெடச்சுது."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அந்த இடத்தில் வண்டியை ஓரம்கட்டி, அம்மணி, பதினொரு தடவை உங்கள் பேரைப் போட்டவன் நான் என்று சொல்லியிருக்க வேண்டும். தாத்தாவின் களத்துமேடு கண்முன் வந்துபோனது. "பரவால்லீங்க அம்மணி, நான் ஒண்ணும் நெனச்சுக்கல" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அவரை நான் மன்னித்தேன்! இதை எழுதும்போது கூசுகிறது.

"மத்த பத்தையும் நாளைக்கே திருப்பி எடுத்துருங்க" என்றார். எடுத்தோம். தங்கராசு அண்ணன் ஃபைபர் வாஷர் போட்டு, போல்ட்டுக்குக் குழாய் மாட்டிக்கொடுத்தார். 'ஏ டீச்சர்' என்று அதற்குப் பிறகு அவர் கூப்பிட்டதில்லை. அம்மணி ஒவ்வொரு பெட்டியிலும் பல்பு விட்டுப் பார்த்து, பொறங்கை வைத்துப் பார்த்து, கார்டில் கையெழுத்துப் போட்டார்.

கார்டுகள் என் மேசைக்கு வந்தன. கையெழுத்து மாறியிருந்தது. ஆங்கிலம் இல்லை, வால் இல்லை, கோடு இல்லை. தமிழில், முழுப்பெயர், எழுத்து எழுத்தாக, குழந்தை எழுதுவதுபோல நிறுத்தி எழுதியிருந்தார். கூட வேலை செய்தவர்கள் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால் சிரித்துக்கொண்டார். எட்டு மாதம். தினமும் நாலு கார்டு, அஞ்சு கார்டு. தினமும் அந்தக் கையெழுத்து என் மேசைக்கு வரும். நல்லாத்தான் பேசினார், தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுவந்தார், என் மகளுக்கு பிசிக்ஸ் சந்தேகம் தீர்த்துவைத்தார். எந்த மீட்டரை வைத்துப் பார்த்தாலும் ஜீரோதான்.

பிறகு ஒரு நாள் ராஜினாமாக் கடிதம் வந்தது. மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு கல்லூரி லேப்பில் வேலை கிடைத்திருக்கிறது, வீட்டுக்கும் பக்கம் என்றார். கடைசி நாள் சாயங்காலம் அவரை விட்டுவிட்டு வர நானும் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நடந்தேன். பாதி வழியில் அவர் கைப்பையிலிருந்து பல்புக் கம்பியை எடுத்து என்னிடம் கொடுத்தார். "டெஸ்டிங்குக்கு வேற ஆளு வந்தா குடுங்க சார்."

வாங்கிக்கொண்டேன். காந்திபுரம் பஸ் வந்துவிட்டது. என்னால் முடிந்தது இவ்வளவுதான்: "அம்மணி, எம்மேல ஏதாச்சும் கோவம் இருந்துச்சுன்னா..."

படியில் ஒரு கால் வைத்தவர் திரும்பினார். தலையைக் கொஞ்சம் சாய்த்தார். சிரித்தார்.

"ஒண்ணுமில்லீங்க சார்" என்றார்.

ஆறு வருசமாக அந்த வார்த்தையை ஒருத்தர் வாயிலிருந்தும் அப்படியே வாங்கிக்கொள்ளாதவர். அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று எனக்கு மனப்பாடம். நாக்கு நுனியில் இருந்தது. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார், அந்தப் பதிலை நான் வாங்கிக்கொண்டிருக்கவும் வேண்டும். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

"சரிங்க அம்மணி, பாத்துப் போயிட்டு வாங்க" என்றேன்.